மலைக்குப் போகிறீர்களா? பூச்சிக்கடியைக் கவனியுங்கள்!

பரீட்சை முடிந்து லீவு விட்டுவிட்டால் வீட்டில் ஒரே பேச்சுதான். "அம்மா, இந்த வருஷம் எங்கேம்மா போறோம்?" முன்பெல்லாம் ஊட்டி, கொடைக்கானல் என்றால் ஒரு படகு சவாரி, ஒரு பொட்டானிக்கல் கார்டன், லாட்ஜில் இரண்டு ராத்திரி, அவ்வளவோடு திருப்தி. இப்போது பிள்ளைகளுக்கு அது போதவில்லை. மலையில் நடக்க வேண்டுமாம், டென்ட் போட்டுத் தூங்க வேண்டுமாம். 2024-ல் நம் வனத்துறையே நாற்பது மலைப்பாதைகளைத் தேர்ந்தெடுத்து, வழிகாட்டியோடு அழைத்துப் போக ஏற்பாடு செய்த பிறகு, 'ட்ரெக்கிங்' என்ற வார்த்தை எங்கள் தெருப் பாட்டிமார்களுக்குக் கூடப் பழகிவிட்டது.

சந்தோஷமான விஷயம்தான். ஆனால் மூட்டை கட்டுகிற நாம் என்னென்ன எடுத்து வைக்கிறோம் என்று கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். புளியோதரை, முறுக்கு, ஸ்வெட்டர், மங்கி குல்லா, தலைவலி மாத்திரை, பஸ்ஸில் வாந்தி வந்தால் எலுமிச்சம்பழம். பூச்சிக்கடிக்கு? "ஒரு பாக்கெட் கொசுவர்த்தி போதாதா?" என்று கேட்பீர்கள். போதாது, சகோதரிகளே. காட்டில் கடிக்கிறவற்றில் கொசு ஒன்றுதான் காதருகே பாட்டுப் பாடி அறிவித்துவிட்டுக் கடிக்கிறது. மற்றவை கடிப்பதே தெரியாது.

கொசுவை முதலில் முடித்துவிடுகிறேன், அது நமக்குப் பழைய சிநேகிதம்தானே. டெங்குவைப் பரப்பும் கொசு பகலில் கடிக்கும். விடிந்த பிறகும் பொழுது சாய்வதற்கு முன்பும் அதற்கு நல்ல பசி. மலேரியாக் கொசு இருட்டிய பிறகு. ஆகவே மலைக்குப் போனால் 'ராத்திரி மட்டும் பார்த்துக் கொள்ளலாம்' என்று இருக்க முடியாது. மலேரியா கொசுவால் வருகிறது என்று கண்டுபிடித்த ரொனால்டு ராஸ், 1897-ல் ஊட்டிக்குக் கீழே சிகூர் பக்கம் அந்தக் காய்ச்சலை ஆராய வந்தார். ஆராய வந்தவருக்கே காய்ச்சல் வந்து படுத்துவிட்டார்! அதே வருஷம் ஆகஸ்டில் செகந்திராபாத்தில்தான் கொசுவின் வயிற்றில் கிருமியைப் பார்த்தார். இன்று மலேரியா வெகுவாகக் குறைந்துவிட்டது. அதனால் மலைப் பயணத்தில் நான் அதிகம் பயப்படுவது கொசுவுக்கல்ல, இனிமேல் சொல்லப்போகிற ஒரு பொடிப் பூச்சிக்குத்தான்.

என் அண்ணன் மகள் கல்லூரியில் படிக்கும்போது பத்து நாள் முகாமுக்குப் போனாள். மலையடிவாரத்தில் ஒரு கிராமம். புதர் வெட்டிப் பாதை போட்டார்களாம். நல்ல உற்சாகமாகத் திரும்பி வந்தாள். வந்து ஒரு வாரம் கழித்துக் காய்ச்சல், தலைவலி, உடம்பெல்லாம் அடித்துப் போட்டது போல் வலி. பக்கத்து டாக்டர் டைபாய்டு என்று நினைத்து ஐந்து நாள் ஊசி போட்டார். காய்ச்சல் இறங்கவே இல்லை. ஆறாம் நாள் மூச்சு வாங்க ஆரம்பித்ததும் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம். அங்கே இருந்த லேடி டாக்டர் வயதில் சின்னவர். அவர் முதலில் கேட்ட கேள்வியே, "காட்டுப் பக்கம், புல்தரைப் பக்கம் எங்கேயாவது போயிருந்தியாம்மா?" என்பதுதான். அப்புறம் திரையை இழுத்துவிட்டு, தலை முதல் கால் வரை அவளைப் பார்த்தார். பாவாடை நாடா கட்டும் இடத்தில், இடுப்பில், ஒரு கறுப்புப் பொருக்கு. சுற்றிலும் சிவப்பு வளையம். பீடி நெருப்பால் சுட்ட மாதிரி. அண்ணி, "நாடா உரசிப் புண்ணாயிருக்கும் டாக்டர், வலியே இல்லைன்னு சொன்னா" என்றாள். "வலி இல்லாததுதாம்மா இதுல விசேஷம்" என்றார் அவர்.

அந்தக் காய்ச்சலுக்குப் பெயர் ஸ்க்ரப் டைபஸ். உண்ணிக் காய்ச்சல் என்றும் சொல்கிறார்கள். உண்மையில் பரப்புவது மாட்டு உண்ணியோ நாய் உண்ணியோ இல்லை. அதற்குத் தூரத்து உறவான ஒரு பூச்சியின் குஞ்சு. குண்டூசித் தலையைவிடச் சின்னது, ஆரஞ்சு சிவப்பு நிறம், கண்ணுக்குத் தெரிவதே கஷ்டம். எலிகள் நடமாடும் புல், புதர், வெட்டிப் போட்ட வயல் ஓரம், இங்கெல்லாம் புல் நுனியில் ஏறிக் காத்திருக்கும். நாம் உரசிக்கொண்டு போனால் தொற்றிக் கொள்ளும். மேலே ஏறி, துணி இறுக்கமாக இருக்கும் இடம் தேடி உட்காரும். இடுப்பு, தொடை இடுக்கு, அக்குள், மார்புக்குக் கீழே. எல்லாமே நாம் டாக்டரிடம் காட்டக் கூச்சப்படும் இடங்கள்! கடித்து ஆறு நாளிலிருந்து மூன்று வாரத்துக்குள் காய்ச்சல் வரலாம். அதற்குள் மலைக்குப் போனதையே மறந்துவிட்டு, குழந்தைகள் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்திருப்பார்கள். டைபாய்டுக்கும் சளிக்கும் சாதாரணமாகப் போடும் ஊசிகள் பல இதற்குக் கேட்காது. தகுந்த மருந்து டாக்ஸிசைக்ளின், அல்லது அஸித்ரோமைசின். பெரிய விலையில்லாத மாத்திரைதான். எங்கள் பெண்ணுக்கு மருந்து ஆரம்பித்து இரண்டாம் நாளே காய்ச்சல் இறங்கி, "அத்தை, ரசம் சாதம் குடு" என்று கேட்டாள். விட்டு வைத்திருந்தால் நுரையீரல், சிறுநீரகம், மூளை என்று பாதித்து உயிருக்கே ஆபத்தாகியிருக்கும் என்றார் டாக்டர்.

இதைப் படித்துவிட்டு மலைக்கே போகவேண்டாம் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். அந்தப் பெண் அதற்கப்புறமும் இரண்டு தடவை போய் வந்தாள். எப்படிப் போக வேண்டும் என்பதுதான் விஷயம்.

முதல் பாதுகாப்பு உடுப்பு. முழுக்கை, முழுக்கால். வெளிர் நிறமாக இருக்கட்டும். கறுப்பும் கருநீலமும் கொசுவையும் மாட்டு ஈயையும் கூப்பிடும். தவிர, வெள்ளைத் துணியில் ஊர்கிற பூச்சி சட்டென்று தெரியும். பேன்ட்டின் கால் நுனியை ஸாக்ஸுக்குள் செருகிவிட வேண்டும், சட்டையைப் பேன்ட்டுக்குள். பார்க்க அழகாயிருக்காது. பெண் குழந்தைகள் முகத்தைச் சுளிப்பார்கள். போட்டோ எடுக்கும்போது வேண்டுமானால் வெளியே எடுத்துக் கொள்ளட்டும்! நாம் புடவையில்தான் நடப்பேன் என்று பிடிவாதம் பிடிக்கக்கூடாது. கீழே திறந்திருக்கிற பாவாடை, பூச்சிக்கும் அட்டைக்கும் வாசல் திறந்து வைத்தது போல. சல்வார் போட்டு, அதைக் கணுக்காலில் ஸாக்ஸுக்குள் விட்டுக் கட்டிக் கொண்டால் போதும். நான் அப்படிக் கிளம்பியபோது என் மாமியார், "என்னடி இது, போலீஸ்காரி மாதிரி!" என்றார். அடுத்த தடவை தானே இரண்டு ஜோடி ஸாக்ஸ் வாங்கி வரச் சொன்னார்.

இரண்டாவது, உட்காரும் இடம். நடந்து களைத்ததும் புல்லைக் கண்டால் பொத்தென்று உட்காரத் தோன்றும். குழந்தைகள் உருளும். அந்த ஒரு காரியத்தை மட்டும் விடக்கூடாது. ஒரு கெட்டியான பிளாஸ்டிக் விரிப்பு எடுத்துப் போங்கள், அல்லது வெறும் பாறையில் உட்காருங்கள். வியர்த்த சட்டையைக் கழற்றிப் புதர் மேல் காயப்போடுவது, துண்டைப் புல்லில் விரிப்பது இதெல்லாம் வேண்டாம். கயிறு கட்டி அதில் போடுங்கள். பாதையின் நடுவில் நடக்கச் சொல்லுங்கள். ஓரத்துச் செடிகளைக் கையால் தடவிக் கொண்டு போவது என் பையனுக்கு ஒரு வழக்கம். எத்தனை சொன்னாலும் கை போகும். முன்னால் நடக்கவிட்டு, பின்னாலிருந்தே கண் வைத்திருப்பேன்.

டென்ட் போடும் இடம் ஓடைக்கரையில் இருந்தால் அழகாகத்தான் இருக்கும். ஆனால் தேங்கின தண்ணீரும் சேறும் இருக்கும் இடத்தில் கொசுவும், வலைக்கண்ணிலும் நுழைகிற பொடி ஈக்களும் சாயங்காலம் மொய்க்கும். கொஞ்சம் மேடாக, காற்று வீசும் இடமாகப் பாருங்கள். கொசு வலுவாகப் பறக்கத் தெரியாத பிராணி. காற்றை எதிர்க்க அதனால் ஆகாது. டென்ட்டின் ஜிப்பைத் திறந்தால் உடனே மூட வேண்டும் என்பதைக் குழந்தைகளுக்கு வீட்டிலேயே பழக்கிவிடுங்கள். உள்ளே விளக்கைப் போட்டுக் கொண்டு வாசலைத் திறந்து வைத்தால், ராத்திரி முழுக்கத் தட்டிக் கொண்டே இருக்க வேண்டியதுதான்.

இப்போது க்ரீம் விஷயம். கடையில் ட்யூபிலும் பாட்டிலிலும் விற்கும் கொசு விரட்டிகள் நன்றாகவே வேலை செய்கின்றன. டீட் என்ற மருந்து அமெரிக்க ராணுவத்துக்காக 1946-ல் செய்தது. நம் நாட்டில் குவாலியரில் உள்ள ராணுவ ஆராய்ச்சிக் கூடம் டெபா என்று ஒன்றைத் தயாரித்தது. லேபிளில் எத்தனை சதவிகிதம் என்று போட்டிருக்கும். சதவிகிதம் அதிகமென்றால் அதிக நேரம் நிற்கும் என்று அர்த்தம். கொசு அதிக தூரம் ஓடும் என்று அர்த்தமில்லை. வியர்வையில் கரைந்து போகும், ஆகவே நடைப்பயணத்தில் மறுபடி தடவ வேண்டும். வெயிலுக்குப் பூசும் க்ரீமும் உண்டென்றால் அதை முதலில் தடவி, காய்ந்த பிறகு இது. துணி மூடியிருக்கிற இடத்தில் தடவ வேண்டாம். கண்ணாடி ஃப்ரேம், கைக்கடிகாரம் போன்ற பிளாஸ்டிக் சாமான்களில் பட்டால் சிலது பாழாகும், ஜாக்கிரதை.

குழந்தைகளுக்கு ட்யூபை அவர்கள் கையில் கொடுக்கக் கூடாது. நம் உள்ளங்கையில் எடுத்து அவர்கள் கை கால், கழுத்துப் பின்புறம் தடவ வேண்டும். குழந்தையின் விரல்களில் வேண்டாம், அது நேரே வாய்க்கும் கண்ணுக்கும் போகும். புண், சிரங்கு இருக்கும் இடத்தில் வேண்டாம். ராத்திரி படுக்குமுன் சோப்புப் போட்டுக் கழுவிவிடுங்கள். இரண்டு மாதம் நிரம்பாத சிசுவுக்கு எந்த க்ரீமும் ஆகாது, அதற்கு வலைதான். அதற்கு மேற்பட்டவர்களுக்கும் லேபிளில் வயது பார்த்து, சந்தேகமிருந்தால் குழந்தை டாக்டரைக் கேட்டு உபயோகியுங்கள். கைக்குழந்தையோடு காட்டில் டென்ட் போடத்தான் வேண்டுமா என்று என்னைக் கேட்டால், ஒரு வருஷம் பொறுத்துப் போகலாமே என்றுதான் சொல்வேன்.

"க்ரீமெல்லாம் ரசாயனம், நம்ம வேப்பெண்ணெய் போதும்" என்பவர்கள் நம்மில் நிறைய. வேப்பெண்ணெயைத் தேங்காயெண்ணெயில் கலந்து பூசினால் கொசு கொஞ்ச நேரம் விலகும், அது உண்மை. வீட்டு முற்றத்துக்கு அது சரி. நாள் முழுக்க நடக்கும் காட்டுக்குப் போதாது. ஒரு எச்சரிக்கை: வேப்பெண்ணெய் குழந்தையின் வயிற்றுக்குள் போகக் கூடாது, சின்னக் குழந்தைகளுக்கு அது விஷம். அதேபோல ஊட்டியில் வாங்கும் நீலகிரித் தைலம். வெளிநாட்டில் எலுமிச்சை மணமுள்ள ஒரு வகை யூகலிப்டஸிலிருந்து கொசு விரட்டி எடுக்கிறார்கள். அது வேறு, நம் தலைவலித் தைலம் வேறு. அதைக் குழந்தை முகத்தில் தடவி வைக்காதீர்கள், மூச்சுத் திணறும். பூண்டு தின்றால் கொசு வராது, பி விட்டமின் மாத்திரை போட்டால் வராது என்பதெல்லாம் வெறும் பேச்சு. காதுக்குக் கேட்காத சத்தம் போட்டு விரட்டுகிற மெஷின் என்று விற்கிறார்களே, அதற்குக் கொடுக்கும் பணத்தில் நல்ல ஸாக்ஸ் நாலு ஜோடி வரும்.

கொசுவர்த்திச் சுருளைப் பற்றி ஒரு ருசிகரமான சேதி. ஜப்பானில் முதலில் அதை ஊதுபத்தி போல் நேர்க் குச்சியாகத்தான் செய்தார்களாம். முக்கால் மணிக்குள் எரிந்து தீர்ந்துவிடும். தயாரித்தவரின் மனைவி யுகி என்பவர்தான் 1895 வாக்கில், "பாம்பு மாதிரி சுருட்டினால் ராத்திரி முழுக்க எரியுமே" என்று யோசனை சொன்னாராம். ஒரு குடும்பத் தலைவியின் மூளை! ஆனால் அந்தச் சுருளை டென்ட்டுக்குள் ஏற்றவே கூடாது. நைலான் துணி ஒரு பொறியில் உருகிப் பற்றும். மூடிய இடத்தில் புகை மூச்சுக்குக் கெடுதல். வெளியே, வெறும் மண்ணில், தகரத் தட்டில் வைத்துக் கொள்ளலாம், அதுவும் வழிகாட்டி சம்மதித்தால்தான்.

நொச்சி இலை, வேப்பிலைப் புகை போடுவது நம் வீட்டுத் தொழுவத்துக்கு நல்ல வழக்கம். காட்டில் வேண்டாம். 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேறப் போனவர்கள் காட்டுத் தீயில் சிக்கி, இருபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்களே, மறக்க முடியுமா? காய்ந்த புல் இருக்கும் மலையில் ஒரு தீக்குச்சியும் உரசக் கூடாது. அனுமதி இல்லாமல் காட்டில் நெருப்பு மூட்டுவது சட்டப்படியும் குற்றம். தவிர, புகை போனால் பாறையில் கூடு கட்டியிருக்கும் மலைத்தேனீ கலையும். அது கிளம்பினால் கொசு தேவலை என்று ஆகிவிடும்.

மழைக்காலத்தில் வால்பாறை, டாப்ஸ்லிப் பக்கம் போகிறவர்கள் அட்டையைக் கேட்பார்கள். அட்டை பூச்சி இனமே இல்லை, மண்புழுவுக்குச் சொந்தம். பார்க்க அருவருப்பே தவிர, பயப்பட ஒன்றுமில்லை. நெருக்கமாக நெய்த துணியில் முழங்கால் வரை வரும் அட்டை ஸாக்ஸ் கிடைக்கிறது. வீட்டில் பழைய தலையணை உறைத் துணியில் தைத்தும் கொள்ளலாம். ஷூவின் மேல் உப்புத் தண்ணீர் தெளித்துக் கொள்வதும் உதவும். ஒட்டிக் கொண்டால் இழுக்காதீர்கள். மெல்லிய முனைதான் வாய். அதன் அடியில் நகத்தைச் சரித்து நெம்பினால் விட்டுவிடும். கடித்துக் கொண்டிருக்கும்போது உப்போ நெருப்போ வைத்தால் உள்ளே குடித்ததைக் காயத்திலேயே கக்கிவிடும். ரத்தம் உறையாதபடி ஒன்றை அது செலுத்திவிடுவதால் கொஞ்ச நேரம் வடியும். கழுவி, சுத்தத் துணியால் அழுத்திப் பிடியுங்கள்.

சாயங்காலம் தங்குமிடம் வந்ததும் காபி கேட்பார்கள். கொடுக்காதீர்கள், முதலில் குளியல்! நான் சொல்கிற பொடிப் பூச்சி தோலில் வசதியான இடம் தேடி ஊர்ந்து கொண்டிருக்கும்போதே சோப்புப் போட்டு நன்றாகத் தேய்த்துக் குளித்துவிட்டால் போயே போய்விடும். குளிக்க முடியாத இடமானால் ஈரத் துண்டால் அழுத்தித் துடைத்து, உள்ளாடை உட்பட எல்லாவற்றையும் மாற்ற வேண்டும். கழற்றின துணி படுக்கையில் விழக் கூடாது, தனிப் பையில் கட்டுங்கள். வீட்டுக்கு வந்ததும் அதைக் கொதிக்கிற வெந்நீரில் போட வேண்டும்.

குளிக்கும்போதே குழந்தைகளின் உடம்பைப் பாருங்கள். காதுக்குப் பின்னால், தலைமயிருக்குள், அக்குள், தொப்புள், முழங்கால் மடிப்பு. பெரிய பெண் குழந்தைகளைக் கண்ணாடி வைத்துத் தானே பார்த்துக் கொள்ளச் சொல்லுங்கள். உண்ணி கடித்துக் கொண்டிருந்தால் நம்மூர் வைத்தியமெல்லாம், மண்ணெண்ணெய் ஊற்றுவது, சூடு வைப்பது, எண்ணெய் தடவுவது, எதுவும் வேண்டாம். கூர்மையான முள்வாங்கியால் தோலை ஒட்டினாற்போல் பிடித்து, முறுக்காமல், நிதானமாக நேரே மேலே இழுக்க வேண்டும். விரலால் நசுக்கக் கூடாது. பிறகு சோப்பால் கழுவுங்கள். உண்ணியால் வரும் வியாதியில் குரங்குக் காய்ச்சல் என்று ஒன்று உண்டு. 1957-ல் கர்நாடகத்தில் ஷிமோகா பக்கம் கியாசனூர் காட்டில் குரங்குகள் செத்து விழ, அதைத் தொடர்ந்து கண்டுபிடித்தது. பிற்பாடு முதுமலை, பந்திப்பூர் பக்கமும் தென்பட்டது. வழியில் குரங்கு செத்துக் கிடந்தால் கிட்டே போகாமல் வனத்துறை ஆளிடம் சொல்லிவிடுங்கள்.

கடித்த இடம் அரித்தால் குளிர்ந்த நீரில் துணி நனைத்து ஒற்றுங்கள், காலமைன் லோஷன் தடவுங்கள். பிள்ளைகளின் நகத்தைக் கிளம்புவதற்கு முதல் நாளே வெட்டிவிடுவது உத்தமம். சொறிந்து சீழ் வைப்பதுதான் பாதித் தொந்தரவு. முகம் உதடு வீங்கி, மூச்சு இழுத்தால் அது வேறு, ஒரு நிமிஷமும் தாமதிக்காமல் ஆஸ்பத்திரி.

வீடு திரும்பியதும் சமையலறைக் காலண்டரில் மலைக்குப் போன தேதியைச் சுற்றி வட்டம் போட்டு, அதிலிருந்து மூன்று வாரம் எண்ணி இன்னொரு வட்டம் போடுங்கள். இடையில் யாருக்காவது காய்ச்சல் வந்தால், கைவைத்தியம் பார்த்துக் கொண்டிருக்க வேண்டாம். டாக்டரிடம் போனதும் அவர் கேட்கும் வரை காத்திராமல், "இன்ன தேதியில் இன்ன காட்டுக்குப் போயிருந்தோம்" என்று நீங்களே முதலில் சொல்லுங்கள். கறுப்புப் பொருக்கு ஏதாவது இருக்கிறதா என்று வீட்டிலேயே தேடிப் பார்த்து, இருந்தால் கூச்சப்படாமல் காட்டுங்கள். எல்லோருக்கும் அந்தப் பொருக்கு வருவதில்லை. ஆகவே அது இல்லாவிட்டாலும் காட்டுக்குப் போன கதையை அவரிடம் சொல்லிவிடுங்கள்.